அட்டையில் பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த தைலத்தில் அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. சொல்ல வந்தது வேறு.

பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்கு எங்களைக் கூட்டிப் போனாயே, நினைவிருக்கிறதா? கீழே தெரிந்த மண்டபத்தைக் காட்டி, "ராணுவத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் இங்கே ஓட்டுப் போட்டுத்தான் அனுப்புவார்கள்" என்று சொல்லிவிட்டு நீ போட்டோ எடுக்கப் போய்விட்டாய். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தபடியே நின்றார். "கேட்டுட்டுத்தான் அனுப்புவாங்களாமா?" என்று என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

எத்தனையோ வருஷம் குடிமையியல் நடத்தியவளுக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் தேடித் தேடிப் படித்தேன்.

ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 1994ல் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம்: ஆயுதத்தோடு படை வெளியே போவதென்றால் நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும். அவசர ஆபத்து என்றால் அனுப்பிவிட்டு உடனே வந்து கேட்கலாம். 2005ல் அதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள். அரசாங்கம் கொண்டுவரும் தாளில் எந்த இடம், என்ன வேலை, அதிகபட்சம் எத்தனை பேர், எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்று எல்லாம் இருக்க வேண்டும். உறுப்பினர்கள் அதில் ஒரு வரியையும் திருத்த முடியாது; ஏற்கலாம், மறுக்கலாம், அவ்வளவுதான். வேண்டாம் என்று பட்டால் போன படையைத் திருப்பி அழைக்கலாம். இதற்கு ஓட்டெடுக்கும்போது வழக்கமாக ஒவ்வொருவரும் தன் பெயர் போட்ட அட்டையைத்தான் பெட்டியில் போடுகிறார்கள். நீலம் என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை, வெள்ளை என்றால் எந்தப் பக்கமும் இல்லை.

2001 நவம்பரில் நடந்ததைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. பயங்கரவாதத்துக்கு எதிரான போருக்கு அமெரிக்காவோடு சேர்ந்து 3,900 பேரை அனுப்பக் கேட்ட பிரதமர் ஷ்ரோடர், அதையே தன் ஆட்சி மீதான நம்பிக்கை ஓட்டாகவும் ஆக்கிவிட்டார். கூட்டணியிலிருந்த பசுமைக் கட்சியில் எட்டுப் பேருக்கு இதில் சம்மதமில்லை. எட்டும் எதிராக விழுந்தால் ஆட்சி போய்விடும். ஆகவே நாலு பேர் ஆம், நாலு பேர் இல்லை என்று பிரித்துக்கொண்டார்கள். தேவைப்பட்டது 334, கிடைத்தது 336. மனசாட்சியைக் கூடப் பாகப்பிரிவினை செய்யலாம் போல. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது பெயரோடு இன்றைக்கும் பதிவில் இருக்கிறது, பார்.

இங்கே 1987ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூலை 29. மறுநாளே நம் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. நாடாளுமன்றத்தை முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை, கேட்கவும் இல்லை. எனக்கு ரேடியோ செய்திதான். அப்போது நீ வயிற்றில் நாலு மாசம். சமாதானப் படை என்றார்கள், அக்டோபரில் சண்டை தொடங்கிவிட்டது. அந்தப் படையிலிருந்து அப்பா போடும் இன்லேண்டு லெட்டரில் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண்தான் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. எத்தனை நாள் என்று யாரிடம் கேட்பது? உனக்கு மொட்டை போட்டது, காது குத்தியது எல்லாம் அவர் இல்லாமலே நடந்தது. கடைசிப் படை கிளம்பியது 1990 மார்ச்சில். சுமார் 1,200 பேர் திரும்பவே இல்லை.

அப்பா அதைப் பற்றி இதுவரை ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறார்: "அவங்க அழுதது புரிஞ்சது. வேற பாஷையா இருந்திருந்தா தேவலை." அந்த ஜனங்களையும்தான் யார் கேட்டார்கள்?

கேட்டு அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆப்கானிஸ்தானுக்கு முதலில் 1,200 பேர் வரை, ஆறு மாசத்துக்கு என்றுதான் அனுமதி கொடுத்தார்கள். அப்புறம் நீட்டி நீட்டி, ஆள் கூட்டி, 2021 வரைக்கும் போனது. 59 ஜெர்மன் சிப்பாய்கள் செத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கை நிறைய நீல அட்டை விழுந்திருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் ஒருத்தியின் கையில் ஒரு தேதியாவது இருந்தது. அந்தத் தேதி வந்தால் மறுபடி பேசுவார்கள், யாராவது எழுந்து ஏன் என்று கேட்பார்கள். எனக்கு அந்தத் தேதிகூட இருந்ததில்லை, பாப்பா.

அந்த ஊர்க் குடியுரிமை வந்த அன்று போனில், "எனக்கு அரசியலெல்லாம் வேண்டாம்மா" என்றாய். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. யார் எந்த அட்டை போட்டார் என்பதை அவர்களே இணையத்தில் பெயர் வாரியாகப் போடுகிறார்களாம். உன் தொகுதிக்காரர் கடைசியாக எந்த நிறம் போட்டார் என்று பார்த்து எழுது. அப்பா கேட்கிறார். அதாவது, நேரே கேட்கவில்லை, நேற்று சாப்பிடும்போது, "அவ பேட்டை எம்.பி. யாரு?" என்றார்.

வடாம் காய்ந்துவிட்டது, அடுத்த வாரம் பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா