சில்லு தேய்ந்தால் யாரிடம் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு மலரில் உயர்தர டேர்ன்டேபிள்கள், அதாவது இசைத்தட்டுச் சுழற்றும் பெட்டிகள், பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதலில் ஒரு திருத்தம். கரார்ட் 301 என்கிற பழைய டேர்ன்டேபிள், கட்டுரை சொன்னதுபோல, பெல்ட்டில் ஓடுவதல்ல. மோட்டர் தண்டில் இருக்கும் புல்லிக்கும், இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு இறப்பர் சில்லு நிற்கும். அது இரண்டிலும் உரசித்தான் தட்டு சுழலும். குற்றம் பிடிக்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. அந்தச் சில்லோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

அடுத்தது கட்டுரையின் கடைசிப் பந்தி. நல்ல ஒலி வேண்டுமென்றால் வெளியிலிருந்து இறக்குவதைத் தவிர வழியில்லை, சொந்த நாட்டுத் தயாரிப்பின் மேல் வரும் ஆசை வெறும் நாட்டுப்பற்று என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை.

எங்கள் வீட்டு 301 வந்த கதையைச் சொல்கிறேன். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். போகிற அதிகாரிகள் கொண்டுபோக முடியாத சாமான்களை வந்த விலைக்கு விற்றார்கள். டொக்யாட்டில் கிளாக்காக இருந்த அப்பா கட்டில் வாங்கப் போனவர், இதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அதைக் கடைசிவரை சொல்லிக் காட்டினார். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் 1950களின் முற்பகுதியில் செய்யத் தொடங்கிய மொடல் அது. எங்களுடையது சாம்பல் நிறம், தட்டின் அச்சு சுழலும் தாங்கிக்குக் கிரீஸ் போடுகிற ஆரம்பகால வகை. எண்ணெய் போடுகிற பால்வெள்ளை நிறத்தவை பிறகு வந்தவை. அங்கும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், இங்கும் 50 ஹேர்ட்ஸ் என்பதால் எதையும் மாற்றாமலே ஓடியது. அமெரிக்காவின் 60 ஹேர்ட்ஸுக்கென்று புல்லி போட்ட ஒன்றை இங்கே கொண்டுவந்து ஓடவிட்டால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 28 க்குக் கிட்ட இறங்கிவிடும். பாடுகிற பெண் ஆணாகிவிடுவார்.

1990 இல் மடத்தடி வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினோம். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது அதன் மரப்பெட்டியைக் கறையான் தின்று முடித்திருந்தது. இசைத்தட்டுகளில் மிஞ்சியது பதினொன்று. ஆனால் அலுமினிய வார்ப்பு உடம்பு உப்புக்காற்றுக்கும் அசையாமல் அப்படியே இருந்தது. கெட்டுப்போனது சில்லு மட்டும்தான். இத்தனை வருடமும் சுழலாமல் கிடந்ததில் இறப்பர் கல்லாகி, ஓரிடத்தில் தட்டையாகிவிட்டது. சுழலவிட்டால் சுற்றுக்குச் சுற்று டக், டக் என்று அடிக்கும். அது ஊசி வழியாக ஏறி ஸ்பீக்கரில் உறுமும்.

வெளிநாட்டுக்கு எழுதிப் புதுச் சில்லு எடுப்பித்தேன். ஐந்து மாதம் கழித்து வந்தது, அதுவும் வேறு மொடலுக்கு உரியது. மறுபடி எழுதலாம் என்று இருக்கையில் 2022 பிறந்தது. சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐ எட்டியது. சரி, ஆசையைக் கைவிடுவோம் என்று கொழும்புக் கடை ஒன்றில் சூட்கேஸ் மாதிரி ஒரு பிளேயர் வாங்கினேன். அதன் செரமிக் ஊசி ஐந்தாறு கிராம் பாரத்தில் அழுத்துகிறது. நல்ல காட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் சிறு பாகம்) என்றால் இரண்டு கிராம் போதும். அது கேட்பதல்ல, உழவு. பேரனிடம் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்கு லேத் வேலை செய்கிற ஒரு தம்பியிடம் சில்லைக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது பாட்டுப் பெட்டிக்கோ?" என்று கேட்டார். பழைய இறப்பரைச் சுரண்டி எடுத்து, நடு உலோகத்தில் புதுசை ஒட்டி, லேத்தில் சுழலவிட்டார். கத்தி வைத்தால் இறப்பர் பிய்ந்துபோகிறது என்று முதல் தடவை தெரிந்தது. இரண்டாவது தடவை சாணைக்கல்லைப் பிடித்தார், ஒரு பக்கம் கூடித் தேய்ந்தது. மூன்றாவது தடவை சரிவந்தது. வட்டத்தில் மயிரிழை பிசகினாலும் பாட்டு நெளியும் என்று சொல்லியிருந்தேன். "எஞ்சின் பிசகினா ஆள் கடலில நிக்கும், பாட்டுத்தானே" என்று சிரித்தார்.

இறப்பர் விளைகிற நாட்டில் இருந்துகொண்டு ஒரு இறப்பர் சில்லுக்காக இரண்டு வருடம் கடல் பார்த்து நின்றதை நினைத்தால் எனக்கே வெட்கம்.

வேகம் சரியா என்று பார்க்க 180 கோடு போட்ட கடதாசி வட்டம் ஒன்றைத் தட்டின் மேல் வைத்தேன். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் பல்ப் விநாடிக்கு நூறு தடவை மின்னும். தட்டு சரியாக 33⅓ இல் ஓடினால் கோடுகள் நகராமல் நிற்பதுபோலத் தெரியும். (புது எல்.ஈ.டி. பல்ப்புகள் பலவற்றின் கீழ் இந்த வித்தை பலிக்காது. பழைய சோக்கு டியூப் லைட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும்.) முதலில் மெல்ல ஊர்ந்த கோடுகள், கிரீஸ் சூடேறியதும் நின்றுவிட்டன. அப்புறம் அப்பாவின் நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றைப் போட்டேன், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய வகை. அதற்குத் தடித்த ஊசி வேண்டும், மாற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரம் சரசரப்பு. பிறகு தவிலின் தொப்பிப் பக்கத்தில் குச்சி விழுந்தது. யன்னல் கம்பி அதிர்ந்தது.

பெட்டியை முதிரை மரத்தில் ஒரு ஓடாவியார் செய்து தந்தார். படகெல்லாம் ஃபைபராகிவிட்டதால் அவருக்கு இப்போது வேலை குறைவு. தட்டு இருக்கும் இடத்துக்கு வெட்டிய வட்டத் துளையைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள அண்டாவே வைக்கப் போறீங்கள்?" என்றார். ஆள் தூக்கத் திணறுகிற பாரம். அந்தப் பாரம்தான் மோட்டரின் அதிர்வை ஊசிக்குப் போகவிடாமல் அடக்குகிறது.

ஸ்கொட்லாந்தில் 1970களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை செய்யப்படும் லின் எல்.பி.12 டேர்ன்டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வாங்கிய ஒன்றுக்கு இன்றைய தாங்கியையும் இன்றைய மோட்டரையும் பூட்டலாம். டேர்ன்டேபிள் செய்கிற ரீகா நிறுவனம் 1973 இலிருந்து இங்கிலாந்தின் எசெக்ஸில்தான் இருக்கிறது. அந்த ஊர்க்காரன் தன் நாட்டுத் தயாரிப்பு என்று சொல்லி அதை வாங்கும்போது கொடியை நினைத்து வாங்குகிறான் என்று நான் நம்பவில்லை. பழுதானால் காரில் ஏற்றிக்கொண்டு போகிற தூரத்தில் செய்தவன் இருக்கிறான். நாங்கள் அதையே இங்கே இறக்கினால் வருவது பெட்டி மட்டும்தான், செய்தவன் வரமாட்டான். கட்டுரையாளர் இதைத் தவறவிட்டுவிட்டார்.

அதற்காக உள்ளூர் என்று எழுதியிருந்தால் போதும், கண்ணை மூடிக் காசு கொடுப்பேன் என்றில்லை. 1970களில் இறக்குமதி கட்டுப்பாடு இருந்த காலத்தில் இங்கே பொருத்திய றேடியோக்களையும் அம்பிளிபயர்களையும் கேட்டவன் நான். சிலதில் பாட்டை விட இரைச்சல் கூட. அதேவேளை, அப்பாவின் கூட்டாளி ஒருவர் ட்ரான்ஸ்போமரைத் தன் கையாலே சுற்றி, இரண்டு ஈ.எல்.84 வால்வு போட்டுச் செய்துகொடுத்த அம்பிளிபயர் பத்து வாட்தான், பின்னர் நான் கேட்ட எத்தனையோ பெட்டிகளை விட அதில் குரல் கிட்ட நின்றது. வைர ஊசியும் காட்ரிட்ஜும் இங்கே செய்ய ஏலாது. என்னுடையதும் ஜப்பான் காட்ரிட்ஜ்தான். மோட்டரும் கஷ்டம். ஆனால் பெட்டி, சில்லு, தாங்கிப் புஷ், அம்பிளிபயர், ஸ்பீக்கர் கூடு எல்லாம் திருமலைக்குள்ளேயே முடியும். இலட்சக்கணக்கில் விலை சொல்கிற டேர்ன்டேபிள்களில் அந்தக் காசின் பெரும்பகுதி இப்படியான மரத்துக்கும் இரும்புக்கும் பொலிஷுக்கும்தான் போகிறது என்பது என் எண்ணம்.

லேத் தம்பி சில்லின் அளவைக் கடைச் சுவரில் சோக்கால் எழுதி வைத்திருக்கிறார், புரொப்பெல்லர் தண்டு அளவுகளுக்குப் பக்கத்தில். போன மாதம் போனபோது அதன் கீழே இன்னொரு அளவு இருந்தது. மட்டக்களப்பிலிருந்து யாரோ தோரென்ஸ் டேர்ன்டேபிளின் சில்லு ஒன்றைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறாராம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்,
மடத்தடி, திருகோணமலை.