எந்தப் படகு என்று கேட்டாயே

மணப்பாடு
6.4.2025

அன்பு மகள் ஜெசிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறோம்.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய இரண்டு கயாக் துடுப்புப் படகுகளின் படங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று சிவப்பு, 10 அடி, கடையில் புதுசு. இன்னொன்று நீலம், 14 அடி, யாரோ ஓட்டிப் பழகியது. அடியில் கல் உரசிய கீறல்கூடத் தெரிகிறது. "எதுப்பா நல்லா இருக்கு?" என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி: "மே மாசம் ப்ளஃபர்ஸ் பார்க்லேர்ந்து இறக்கலாம்னு இருக்கோம்." ப்ளஃபர்ஸ் பார்க் என்றால் டொரொண்டோவில் ஒன்டாரியோ ஏரிக்கரை. அந்த இரண்டாவது வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. போனில் சொன்னால் பாதி சொல்வதற்குள் பேரன் கூப்பிடுவான், நீ எழுந்து போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

போன வருஷம் ஆகஸ்டில் பீட்டர்பரோ பக்கத்து ஏரியில் வாடகைக்குப் படகு எடுத்தோமே, அன்றைக்கு நடந்ததை நீ சிரிப்பாகவே எல்லோரிடமும் சொல்கிறாய். எனக்கு அது சிரிப்பு இல்லை. மாப்பிள்ளை ஏறியது இந்தச் சிவப்புப் படகின் ஜாதிதான். குட்டை, அகலம், உட்காரும் வாய் பெரிசு. கரையில் ஏறி உட்கார்ந்ததும் ஆடவே இல்லை, நாற்காலி மாதிரி இருந்தது. அவரும் தைரியமாகிவிட்டார். ஒரு மோட்டார் படகு போன அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பினார், கேமராவை எடுக்கக் கையை நீட்டினார், அவ்வளவுதான், கவிழ்ந்தது. அவர் சுலபமாக வெளியே வந்துவிட்டார். படகுதான் வரவில்லை. அதற்குள் தண்ணீர் புகுந்து, முன்பக்கம் அமுங்கி, பின்பக்கம் மட்டும் குடம் கவிழ்ந்த மாதிரி மேலே நின்றது. நீயும் நானும் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அந்தப் பெரிய வாய்க்குள் நூறு லிட்டருக்கு மேல் ஏறிவிட்டால் எத்தனை பேர் தூக்குவது? கரை ஐம்பது அடியில் இருந்தது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இழுத்துக்கொண்டு போய்விட்டோம். அந்த ஐம்பது அடி ஐந்நூறாக இருந்து, மாதம் மே என்றால்?

படகு எப்படி மிதக்கிறது என்று பார்த்து வாங்காதே மக்கா. கவிழ்ந்த பிறகு எப்படி மிதக்கிறது, நீ திரும்ப எப்படி ஏறுவாய், அதைப் பார்த்து வாங்கு. நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது உன் தாத்தாவின் கட்டுமரம். 1968இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் லீவு என்றால் விடியுமுன் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் கரை திரும்பும்போது அலை முறிகிற இடத்தில் மரம் புரண்டது. தண்ணீருக்குள் நான் கண்ணைத் திறந்தபோது தலைக்கு மேலே மரத்தின் அடிப்பக்கம், கயிற்றுக் கட்டுகள், அதன் இடுக்கு வழியே வெளிச்சம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலே வந்தேன். அப்பா ஏற்கெனவே மரத்தின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். திருப்பியதும் தண்ணீர் கட்டைகளுக்கு இடையே தானாக வடிந்தது. இறைக்க ஒன்றும் இல்லை. "ஏறுடா" என்றார். வயிற்றை அதன்மேல் போட்டு, காலால் உதைத்து ஏறினேன். துடுப்பைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி கரையைப் பார்த்து வலித்தோம். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. அதனால் அது நிறையவும் முடியாது. கட்டையே மிதக்கிற பொருள். கரைக்கு வந்ததும் கயிற்றுக் கட்டுகளை அவிழ்த்துக் கட்டைகளை மணலில் காயப்போட்டுவிடுவார்கள். ஆங்கிலத்தில் கேட்டமரன் என்று இன்றைக்கு இரட்டை உடல் படகைச் சொல்கிறார்களே, அந்தச் சொல் நம் கட்டுமரம்தான், பொருள் மாறிவிட்டது.

உங்கள் ஊர்க் கடைகளில் சிட்-ஆன்-டாப் என்று ஒரு கயாக் விற்கிறார்கள் அல்லவா, மேலே உட்கார்ந்து ஓட்டுவது, தளத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். போன வருஷம் அதைப் பார்த்ததும் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஏறிய தண்ணீர் அந்த வழியே இறங்கிவிடும். உள்ளே மூடிய காற்று. கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு வயிற்றால் ஏறலாம். நம் கட்டுமரத்தின் புத்தி அப்படியே பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது. பேரனோடு ஜூலை, ஆகஸ்டில் விளையாட அதைவிட நல்ல படகு இல்லை. ஒரே குறை, உட்கார்ந்திருக்கும்போதே இடுப்புக்குக் கீழே நனைந்துவிடும். குளிர்த் தண்ணீருக்கு அது ஆகாது.

சரி, உன் படங்களுக்கு வருகிறேன்.

சிவப்புப் படகை நான் மட்டம் தட்டவில்லை. அதை ரெக்ரியேஷனல் கயாக் என்கிறார்கள்: 9 முதல் 12 அடி நீளம், 28 முதல் 32 அங்குலம் அகலம். அகலம் இருப்பதால் அசையாமல் நிற்கும், ஏற இறங்க லேசு, மீன் பார்க்க, பறவை பார்க்க, ஒரு மணி நேரம் சும்மா மிதக்க அருமையான படகு. பிக்கரிங்கில் ஃப்ரெஞ்ச்மன்ஸ் பேக்குக் கூட்டிப் போனாயே, மணல் திட்டு ஒன்று ஏரியை மறித்துக்கொண்டு, உள்ளே நாணலும் ஆழமில்லாத தண்ணீருமாக, நம்மூர்க் கழி மாதிரி. டொரொண்டோ தீவுகளுக்கு நடுவே இருக்கிற வாய்க்கால்களும் அப்படித்தான். அந்த மாதிரித் தண்ணீருக்குச் சிவப்பு போதும். ஆனால் அதில் பெரும்பாலும் இருக்கைக்குப் பின்னால் ஒரே ஒரு தடுப்புச் சுவர்தான் இருக்கும், மலிவானதில் அதுவும் இருக்காது. முன்பக்கம் வெறும் கூடு. அதனால்தான் அன்றைக்கு மாப்பிள்ளையின் படகு மூக்கைக் குத்திக்கொண்டது. இதை வாங்கினால் முன்னால் திணித்து ஊதுகிற காற்றுப்பை ஒன்றையும் சேர்த்து வாங்கு. அந்த இடத்தில் காற்று இருந்தால் தண்ணீருக்கு இடம் இல்லை.

நீலம் டூரிங் ஜாதி, தூரம் போவதற்கானது. முன்னாலும் பின்னாலும் கறுப்பு ரப்பர் மூடி இருக்கிறதா, அந்த மூடிகளுக்குக் கீழே இரண்டு தனி அறைகள். கவிழ்ந்தாலும் நீ உட்காரும் நடுப்பகுதியில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். படகு மட்டமாகவே மிதக்கும். அகலம் 24 அங்குலம் என்று எழுதியிருக்கிறது. முதல் நாள் அது உன்னைப் பயமுறுத்தும். இடுப்பை அசைத்தால் படகும் அசையும். பயந்து இறங்கிவிடாதே. அகலப் படகு அமைதியான தண்ணீரில் மேசை போல நிற்கும், ஆனால் அலை சாய்த்தால் அலையோடு சேர்ந்து அதுவும் சாயும், ஓர் எல்லைக்கு மேல் சட்டென்று புரண்டுவிடும். குறுகலான படகு எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும், ஆனால் சாய்ந்த பிறகு தாங்கிப் பிடிக்கும், இடுப்பால் நிமிர்த்திவிடலாம். நீளத்துக்கு இன்னொரு லாபம்: அணியம், அதாவது மூக்கு, காட்டிய திசையிலேயே படகு போகும், ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் இடமும் வலமும் திரும்பாது, அதே பலத்துக்கு அதிக தூரம். எதிர்காற்றில் கரை சேர வேண்டிய நேரத்தில் அதன் அருமை தெரியும்.

ஆளுக்குப் படகு பொருந்துவதும் முக்கியம். பீட்டர்பரோவில் கனேடிய கனோ மியூசியம் 2024 மே மாதம் புதுக் கட்டடத்துக்கு மாறியது என்று கூட்டிப் போனாய். அறுநூறுக்கு மேல் படகு. நீங்கள் கனோக்களைப் பார்த்துக்கொண்டே போய்விட்டீர்கள், நான் கயாக்குகள் பக்கமே நின்றுவிட்டேன். ஆதியில் கயாக் வடதுருவப் பனி நாட்டு இனுவிட் மக்களுடையது. சட்டத்தைக் கட்டி அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைப்பார்கள். அளவுகோல் கிடையாது, ஓட்டப்போகிறவனின் கை விரிப்பு, இடுப்பு, கை முட்டி, இதுதான் அளவு. நாமும் ஆழத்தைப் பாகத்தில்தானே சொல்கிறோம், இரண்டு கையையும் விரித்த அளவு. அதனால் நீயும் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதே. நேரில் போய் உட்கார். பாதம் மிதிகட்டையில் படிய வேண்டும், முழங்கால் இரண்டும் மேல்தளத்தின் அடியில் லேசாக முட்ட வேண்டும், இடுப்பு இரண்டு பக்கமும் தொளதொள என்று இருக்கக் கூடாது. பின்மூடியைத் திறந்து அறைக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல். அது தடுப்புச் சுவரைத் தாண்டி இருக்கைப் பக்கம் கசிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. கீறல் பரவாயில்லை, பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தாங்கும். வெயிலில் கிடந்து அடி குழிந்திருந்தால் வாங்காதே.

எடை பற்றியும் யோசி. அந்த நீளத்தில் பிளாஸ்டிக் கயாக் இருபது, இருபத்தைந்து கிலோ வரும். நீங்கள் இருப்பது பதினோராவது மாடி. தூக்க முடியாத படகு இரண்டு முறைக்கு மேல் தண்ணீரைப் பார்க்காது. நண்பர்கள் யார் வீட்டுக் கராஜிலாவது இடம் கிடைக்குமா என்று கேள். மடக்குப் படகுகளும் நல்லவை வருகின்றன, அதை லேசாக நினைக்காதே. 1932இல் ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மன்காரர் துணியும் சட்டமுமான ஒரு மடக்குக் கயாக்கில் உல்ம் நகரத்தில் ஆற்றில் இறங்கி, நம் இந்தியக் கரையோரமும் இலங்கையும் கடந்து, 1939இல் ஆஸ்திரேலியா வரைக்கும் போய்விட்டார். ஏழு வருஷம். அவர் போய்ச் சேர்ந்த மாதம் உலகப்போர் தொடங்கியிருந்தது, எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். அந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து, அந்தப் படகைத் தூரத்திலிருந்து நம்மூர்க்காரர் யாராவது பார்த்திருப்பார்களா என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இனி ப்ளஃபர்ஸ் பார்க். அங்கே ஏரிக்கரையில் செங்குத்தாக நிற்கிற மண் மேட்டை நானும் பார்த்தேன், உயரமான இடத்தில் 90 மீட்டர். அடியில் நின்றால் வடக்கிலிருந்து வரும் காற்று உன்மேல் படாது, மேடு மறைத்துக்கொள்ளும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதை நம்பி வெளியே போனால், மறைப்பு முடிகிற இடத்தில் காற்று முதுகில் பிடித்துத் தள்ளும், நீ ஏதோ நன்றாகத் துடுப்புப் போடுவதாக நினைத்துக்கொள்வாய். திரும்பும்போதுதான் தெரியும். நம்மூரில் மேற்கே நிலத்திலிருந்து கச்சான் காற்று வீசும் நாளில் கரையோரம் கடல் எப்படிப் படுத்துக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். அந்தப் படுத்த கடலைக் கண்டுதான் உன் தாத்தா அதிகம் பயப்படுவார். அங்கே எதிர்க்கரை கண்ணுக்கே தெரியவில்லை. அந்த மேட்டின் அடியில் கரையேற எல்லா இடத்திலும் வழியும் இல்லை.

அப்புறம் குளிர். மே மாதம் வெளியே வெயில் அடிக்கும், பேரன் டி-ஷர்ட்டோடு ஓடுவான், ஏரித் தண்ணீர் இன்னும் பனிக்காலத்திலேயே இருக்கும். நடுக்கோடையிலும் ஒரு நாள் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனால் அடியில் இருக்கிற குளிர்நீர் கரையோரம் மேலே வந்துவிடுமாம். ஆடியில் கன்னியாகுமரிப் பக்கம் கடல் குளிர்வது இதே காரணத்தால்தான். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். அவர் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்: விழுந்ததும் மூச்சு வாரி வாரி வரும், அதை அடக்க ஒரு நிமிஷம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிஷம், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி. அந்த முதல் ஒரு நிமிஷம் வாய் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் இருக்கைக்குப் பின்னால் செருகியிருந்தால் அதற்கு உதவாது, உடம்பில் இருக்க வேண்டும். விழுந்தபின் மாட்டிக்கொள்ள முடியாது. உங்கள் சட்டப்படி ஆளுக்கொன்று, கூடவே ஊதல், தண்ணீர் இறைக்கப் பம்போ ஏனமோ ஒன்று, 15 மீட்டர் மிதக்கும் கயிறு, எல்லாம் படகில் இருக்க வேண்டும்.

அதனால் என் முடிவு: நீலத்தை வாங்கு. மே மாதம் அதைப் பெரிய ஏரிப் பக்கமே கொண்டுபோகாதே. ஜூன் கடைசியில் தண்ணீர் சூடேறியதும் ஃப்ரெஞ்ச்மன்ஸ் பேயில் இடுப்பளவு ஆழத்தில் மாப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வேண்டுமென்றே கவிழ். துடுப்பின் முனையில் மாட்டி ஊதுகிற மிதவைப் பை ஒன்று விற்கிறார்கள். அதை மாட்டித் துடுப்பைப் படகுக்குக் குறுக்கே வைத்தால் பக்கத்தில் ஒரு கை ஊன்றிய மாதிரி நிற்கும், அதைப் பிடித்து ஏறலாம். முதல் தடவை வராது. பத்தாவது தடவை வரும். வராவிட்டால் சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் ஒரு நாள் வகுப்புக்குப் போ, காசு பார்க்காதே.

உன் அம்மா நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறாள், மாசக் கடைசியில் வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். பேரனுக்கு என் முத்தம்.

துடுப்போடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் எனக்கு இப்போது வேண்டாம் மக்கா. நீ விழுந்து, நனைந்து, படகைத் திருப்பி, ஏறி உட்காருகிற வீடியோவை எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு ப்ளஃபர்ஸ் பார்க் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா