மகள், ஆகஸ்ட் மேட்ச் வேணாம்

மகள்,

நேத்து நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ திரும்பத் திரும்ப கேட்டேன். ஓடத் தொடங்கிட்டேன்ப்பா, வலியே இல்லனு சொன்னதும் எனக்கும் அம்மாவுக்கும் அவ்வளவு சந்தோசம், அம்மா பக்கத்து காம்பராவுக்கெல்லாம் போய் சொல்லிட்டு வந்துட்டா. ஆனா கடைசில ஆகஸ்ட்ல கம்பெனி நெட்பால் மேட்ச்ல இறங்கலாம்னு இருக்கேன்னு சொன்னியே, அதக் கேட்டதுல இருந்து எனக்கு மனசு சரியில்ல. கோல் எடுத்து சொன்னா சரிப்பா சரிப்பானு வச்சிருவ, அதனால தான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா வாசி பிள்ள.

உன் முழங்கால் ஆபரேஷன் நடந்தது தைப்பொங்கல் கழிச்சு. நீயே எண்ணிப் பாரு, ஆகஸ்ட் முடியிறப்போ தான் ஏழு மாசம். டாக்டர் ஒன்பது மாசத்துக்கு முன்னால நெட்பால் கோர்ட்டு பக்கமே போக வேணாம்னு நம்ம ரெண்டு பேரையும் வச்சு தான சொன்னாரு, அது சும்மா பயங்காட்ட சொன்னது இல்ல. அமெரிக்காவுலயும் நார்வேயிலயும் இந்த ஆபரேஷன் பண்ணி வெளையாடப் போனவங்கள ரெண்டு வருசம் பாத்து 2016ல ஒரு ஆய்வு வந்திருக்கு, தம்பி போன்ல எடுத்துக் காட்டி வாசிச்சு சொன்னான். ஒன்பது மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடப் போட முழங்கால்ல திரும்ப அடிபடுறது பாதிக்குப் பாதி குறையுதாம். பாதிக்குப் பாதி மகள், கொஞ்ச நஞ்சம் இல்ல.

வலி இல்லங்கிறத மட்டும் நம்பாத. உனக்கு அறுந்தது மூட்டுக்குள்ள இருக்கிற ஏ.சி.எல். நார், அதுக்குப் பதிலா தொடைக்குப் பின்னால இருந்து நார் எடுத்து எலும்புல ஓட்டை போட்டு மாட்டி வச்சிருக்காங்க. அந்த நார் உள்ள போனதும் அப்படியே பழைய வேலைய செய்யாது, மொதல்ல பலம் இழக்கும், ரெண்டு மூணு மாசத்துல தான் ரொம்ப பலவீனமா இருக்குமாம், பொறகு புதுசா ரத்தக் குழாய் வந்து மெதுமெதுவா உறுதியாகி முடிய ஒரு வருசத்துக்கு மேலயும் ஆகும். வீக்கமும் வலியும் அதுக்கு எவ்வளவோ முன்னாலயே போயிரும், ஆபத்தே அங்க தான் இருக்கு. நாத்து வளக்கிற தவறணையில இருந்து கொண்டு வந்து மலையில நட்ட தேயிலைக் கன்னு பச்சை புடிச்சு தளதளனு நிக்கிதுனு யாரும் உடனே கூடைய கட்டிட்டு கொழுந்து எடுக்க போறது இல்லையே, வேர் இறங்கட்டும்னு வருசக் கணக்கா விட்டு வைக்கிறோம்ல.

அடிபட்ட நாள் யாரும் உன்ன இடிக்கல, தள்ளல, பந்த புடிச்சு இறங்கி திரும்பினப்போ டப்புனு சத்தம் கேட்டுச்சுனு நீ தான் சொன்ன. இந்த நார் கூடுதலா அறுகிறதே அப்படித் தானாம், அதுவும் நெட்பால்ல பந்தோட ஓட முடியாது, மொதல்ல இறங்கின கால தூக்கினா பந்த விடுறதுக்கு முன்ன திரும்ப ஊன முடியாது, மூணு செகண்டுக்குள்ள பந்த விட்டுறணும், வேகமா வந்த ஒடம்பு முழுக்க டக்குனு அந்த ஒத்த முழங்கால்ல வந்து நிக்கிது. முழங்கால் உள்பக்கமா சாஞ்சு இறங்கினா போச்சு. பொம்பளப் பிள்ளைங்களுக்கு இது ஆம்பளப் பிள்ளைங்கள விட கூடனும் சொல்றாங்க. ஆஸ்திரேலியா நெட்பால் காரங்க இதுக்குனே எப்படி குதிக்கிறது எப்படி இறங்கி நிக்கிறதுனு பயிற்சி ஒன்னு செஞ்சு வச்சிருக்காங்க. உன் பிசியோ மிஸ்கிட்ட கேட்டு, முழங்கால மடக்கி மெதுவா இறங்குற பயிற்சிய இப்பவே பழகு, ஓட்டம் மட்டும் ஓடினா பத்தாது.

தம்பி இன்னொன்னும் சொல்லச் சொன்னான், அவனுக்குப் புடிச்ச புட்பால் காரன் நெய்மாருக்கு 2023 அக்டோபர்ல இதே நார் தான் போச்சாம், திரும்ப மேட்ச்ல இறங்கினது 2024 அக்டோபர்லயாம். அவ்வளவு டாக்டரும் காசும் இருக்கிறவனுக்கே ஒரு வருசம்.

நீ வெளையாட வேணாம்னு அப்பா ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஸ்கூல் கிரவுண்டுல மழையோட நீ பாஞ்சு பந்து புடிக்கிறத பாத்து எத்தன பேருகிட்ட அது என் மகள்னு சொல்லியிருக்கேன். அதனால தான் கேக்குறேன். பிசியோ மிஸ் வைக்கிற ஒத்தக் கால் குதிக்கிற டெஸ்ட்ல அடிபட்ட கால் மத்தக் காலோட நூத்துக்கு தொண்ணூறாவது வரணும், தொடைப் பலமும் அப்படியே வரணும், அளவு நாடா வச்சு ரெண்டு தொடையையும் அளந்தாலும் உனக்கே வித்தியாசம் தெரியும். அந்த டெஸ்ட் முடியாம, தீபாவளிக்கு முன்னால, மேட்ச் பேச்சே எடுக்காத. டீம்ல ஆள் இல்லனு கெஞ்சுவாங்க. ஸ்கோர் எழுதித் தாறேன்னு சொல்லு.

ஆடித் திருவிழாவுக்கு வாறேன்னு சொன்னது தான் எங்களுக்குப் பெரிசு. அவிசாவளை வழியா வார பஸ்ல வா, பஸ்ஸுக்கு நடுவுல ஆள் நடக்கிற பக்கமா சீட் எடுத்து கால நீட்டி வை, ரொம்ப நேரம் மடக்கியே இருந்தா இறுகிரும், கித்துல்கல பக்கம் தேத்தண்ணிக்கு நிப்பாட்டினா இறங்கி நாலு எட்டு நட. இங்க மழை விடாம ஊத்துது, ரோட்டுல இருந்து நம்ம லயத்து வீட்டுக்கு இறங்குற படியெல்லாம் பாசி. ஏத்தத்துல மூச்சு தான் வாங்கும், இறக்கத்துல தான் முழங்கால் பாரம் தாங்கணும், கொழுந்துச் சாக்கோட மலை இறங்குற உங்க அம்மாகிட்ட கேட்டா தெரியும். சுண்ணாம்பும் பிரஷும் வாங்கி வச்சிருக்கேன், நீ வாறதுக்கு முன்ன படிய சுரண்டிருவேன், புடிச்சு இறங்க கம்பி ஒன்னும் போட கதைச்சிருக்கேன். குந்துறதுக்கு இன்னும் பிசியோ மிஸ் சரி சொல்லலனு சொன்னியே, டொய்லெட்டுக்கு கொமட் கதிரையும் கேட்டு வச்சிருக்கேன், வெக்கப்படாத.

அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி வைப்பா, வயித்தியர்கிட்ட பத்து போடலாம்னும் சொல்லுவா, தொடைக்கு எண்ணெய் தேய்க்கட்டும், முழங்கால முறுக்கி இழுக்க மட்டும் யாரையும் விடாத. நான் சொன்னேன்னே சொல்லு.

டீம் லீடர்கிட்ட இந்த முறை இல்லனு சொல்லிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. பஸ் ஏறினதும் கோல் எடு, ஹட்டன்ல நான் நிப்பேன், பேக்க நான் தூக்குறேன்.

அப்பா