போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதியவர்களுக்கு உதவும் கைப்பேசிச் செயலிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எதையெல்லாம் நிறுவித் தரலாம் என்று விரிவாகச் சொல்லியிருந்தீர்கள். நிறுவித் தருவது ஐந்து நிமிட வேலை. அதற்கப்புறம் வரும் மாதங்களைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தோன்றுகிறது.

என் அம்மாவுக்கு வயது 76. வீடியோ அழைப்புக்காக என் பெயரைத் தொட்டால் அழைப்பு போகாது, வேறு ஏதோ பட்டியல் விரியும். “நான் தொட்டாலே கெட்டுப் போகுது” என்று போனைக் கீழே வைத்துவிடுவார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டவில்லை, அழுத்திப் பிடித்தார். பட்டன் போனில் பழகிய விரல். அதோடு, தொடுதிரை நம் தோலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொடுவதை உணர்கிறது. வயதாகி விரல்நுனி உலர்ந்துவிட்டால் லேசாகத் தட்டுவது சில நேரம் பதிவாகாது. அதனால் இன்னும் அழுத்துவார். ஆண்ட்ராய்டு போனின் அணுகல்தன்மை அமைப்புகளில், எவ்வளவு நேரம் தொட்டால் அழுத்திப் பிடித்ததாகக் கொள்ள வேண்டும் என்பதை மாற்றலாம். அந்த நேரத்தை நீட்டி வைத்தேன். பாதித் தொல்லை அன்றே தீர்ந்தது.

மீதிப் பாதி எங்களால் வந்தது. அம்மா ஏதாவது கேட்டால், “இங்க குடும்மா” என்று வாங்கி, நாலு தட்டு தட்டி, “ஆச்சு” என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். அவர் என்ன கற்றிருப்பார்? இப்போது போன் அவர் கையைவிட்டு நகராது. நான் வாயால் மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு படியையும் அவரே நோட்டில் படம் போட்டு எழுதிக்கொள்கிறார்.

அந்த நோட்டையும் ஒரு புதுப்பிப்பு வீணாக்கியது. ஒரு செயலியில் மேலே இருந்த பொத்தான் ஒரே இரவில் கீழே போய்விட்டது. மூன்று பக்கங்களை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். செயலி உருவாக்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று: குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எண்ணை அம்மா மெதுவாகப் படித்து, அதைப் போட வேண்டிய பக்கத்துக்குத் திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறதே! நேரக் கெடு வைத்தால் அதை நீட்டிக்கவும் வழி தர வேண்டும் என்று, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வலைப்பக்கங்களுக்கு 2008-லேயே சொல்லிவிட்டது. செயலிகளுக்கும் அது பொருந்தும்தானே?

மோசடி அழைப்புகளுக்கு ஒரே பாடம்தான் வைத்திருக்கிறோம்: யார் அவசரப்படுத்தினாலும் முதலில் துண்டித்துவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும். அம்மா இதுவரை தவறியதில்லை.

தட்டச்சு அவருக்கு இன்னும் வரவில்லை, வரவும் வேண்டாம். தினமும் காலையில் பெரியம்மாவுக்குக் குரல் செய்தி அனுப்புகிறார். காது சரியாகக் கேட்காத பெரியம்மா அதை நாலு தடவை போட்டுக் கேட்டுவிட்டுப் பதில் அனுப்புகிறார். நேரில் அடிக்கடி பார்த்துக்கொள்ள முடியாத இருவரும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரே ஒரு போன் அமைப்பைப் பெரிய எழுத்தில், படத்தோடு போடுங்கள். அம்மா வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்ளத் தோதாக, பின்பக்கத்தில் முக்கியமான செய்தி எதுவும் வராமல் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி