முதல் மணிக்கே வகுப்பு தொடங்கியது: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

ஊர்ப் பெரியோர்களுக்கும், பெற்றோர்களுக்கும், பள்ளிக்காக வேலை செய்த ஒவ்வொருவருக்கும் வணக்கம்.

பாலக்கோடு வட்டத்தில் உள்ள நம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இந்தக் கல்வியாண்டுக்குத் திறந்த அன்று, முதல் மணி அடித்ததும் வகுப்பு தொடங்கிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இருந்தது. கழிப்பறைக் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட முடிந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் பதிவேட்டில் ஏறியிருந்தன. கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்த பள்ளி தானாக இந்த நிலைக்கு வராது. 'நன்கொடையாளர் அனைவருக்கும் நன்றி' என்று ஒரே வரியில் முடித்தால் யார் என்ன செய்தார்கள் என்பதே தெரியாமல் போய்விடும். அதனால் வேலையை வைத்தே நன்றி சொல்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் பயன்படட்டும் என்று அளவுகளையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி பிளம்பர் அண்ணனுக்கு. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் பலரின் பல்லிலேயே அந்தப் பழுப்புக் கறை இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது சுமார் 8 வயது வரை, அதிக ஃபுளோரைடு உள்ள தண்ணீரைக் குடித்தால் கறை நிரந்தரமாகிவிடும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது. இதற்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பானியக் கடனுதவியில் கட்டப்பட்ட அந்தத் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது.

பள்ளியில் ஒகேனக்கல் தண்ணீருக்கு ஒரு தொட்டி, போர் தண்ணீருக்கு ஒரு தொட்டி என்று இரண்டு உண்டு. ஆனால் இரண்டின் குழாய்களும் ஓரிடத்தில் 'டீ' (T வடிவ இணைப்பு) போட்டு இணைந்திருந்தன, நடுவில் ஒரு கேட் வால்வு. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் திறந்துகொள்ளலாம் என்று யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு. போர் தண்ணீரோடு வரும் மணல் வால்வின் உள்தகட்டை அரித்துவிடும். பிறகு கைப்பிடியை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. புது வால்வு போடலாமா என்று கேட்டபோது அண்ணன் மறுத்துவிட்டார். 'டீ'யையே அறுத்தெடுத்து, இரண்டு முனையிலும் எண்ட் கேப் போட்டு, குழாய் ஒட்டும் சொல்யூஷன் காய ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விடாமல் வைத்தார். குடிநீர்க் குழாய்க்கு மட்டும் நீலப் பெயிண்ட் அடித்தார். இனி யார் ரிப்பேருக்கு வந்தாலும் தப்பு நேராது. இவ்வளவுக்கும் கூலி வாங்கவில்லை. எங்கள் எண்ணத்தில், இந்த ஆண்டு பள்ளிக்குக் கிடைத்தவற்றில் இதுவே பெரிது.

தொட்டி கழுவிய இளைஞர்களுக்கும், கூடவே இருந்து முறை சொல்லிக்கொடுத்த டேங்க் ஆபரேட்டருக்கும் நன்றி. 1,000 லிட்டர் தொட்டியை முழுதும் வடித்து, அடியில் படிந்த சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்து, தேங்காய் நார் கொண்டு சுவரைத் தேய்த்தார்கள். சோப்புத்தூள் போடவில்லை, மூலைகளில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நுரைக்கும். பிறகு 150 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்பினார்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பையும் சேர்த்து ஊற்றினால் அது குழாய்த் திருகில் போய் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடினார்கள். இதைச் செய்யாவிட்டால் தொட்டி சுத்தமாகும், குழாய் அப்படியே கிடக்கும். இரவு முழுக்க வைத்திருந்து, காலையில் எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றினார்கள்.

அன்றாடம் குடிக்கும் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். கலந்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க விட வேண்டும். மளிகைக் கடைத் தராசில் 4 கிராம் சரியாக நிற்காது. அடகுக் கடைக்காரர் தம் தராசைப் பள்ளித் திண்ணைக்கே கொண்டுவந்து, சிறு பிளாஸ்டிக் கவர்களில் நான்கு நான்கு கிராமாக நிறுத்து ஒட்டிக்கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்து வைக்க வேண்டாம் என்று நாங்களே கேட்டுக்கொண்டோம்: காற்றும் ஈரமும் பட்டால் பவுடர் வீரியம் இழந்துவிடும், கட்டி பிடித்த பவுடரை எவ்வளவு போட்டாலும் கணக்குச் சேராது. நிறுத்து முடித்ததும் தராசுத் தட்டை அவர் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தார். பிளீச்சிங் தூள் உலோகத்தை அரித்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்காமாருக்கும், சத்துணவு அமைப்பாளருக்கும் இதே விஷயத்தில் நன்றி. அரிசியும் பருப்பும் வேகும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொள்கின்றன. குடிக்க நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டு உலைக்குப் போர் தண்ணீர் வைத்தால் ஃபுளோரைடு தட்டு வழியாக வந்துசேரும். ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளுக்கென்று மூடி போட்ட இரண்டு டிரம்களில் சமையலுக்குத் தனியாகப் பிடித்து வைக்கிறார்கள்.

கழிப்பறை. தூய்மைக் காவலர்கள் அதைச் சுத்தம் செய்த விதத்தைப் பெற்றோர்கள் தங்கள் வீட்டுக்கும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சிறு அறையில் அது நுரையீரலைத் தாக்கும். ஒருநாள் ஒன்று, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவி மறுநாள் மற்றது என்றே செய்தார்கள். பெண் பிள்ளைகள் பக்கத்துக் கதவுகள் பிளாஸ்டிக் கதவுகள். திருகாணி போட்ட தாழ்ப்பாள் சில மாதத்தில் துளை பெருத்துக் கழன்று விழுந்துவிடும். தச்சர் அண்ணன் கதவின் மறுபுறம் வரை துளைத்து, இருபுறமும் வாஷர் வைத்து, போல்ட்-நட் போட்டு முடுக்கினார். தாழ்ப்பாளைச் சிறு பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் வைத்தார். தாழ்ப்பாள் இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனையோ பள்ளிகளில் உண்டு. ஒரு போல்ட்-நட் விலையில் தீர்கிற காரியம் இது.

மரக்கிளை கழித்தவர்கள், சுவரோரம் கிடந்த செங்கல் குவியலைப் பாம்பு அண்டாதபடி அகற்றியவர்கள், மாடியின் மழைநீர்க் குழாய்களில் அடைத்திருந்த வேப்பஞ்சருகை அள்ளியவர்கள், கரும்பலகைக்கு வண்ணம் பூசியவர்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

சேர்க்கை வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. அதை இழுத்துப்போட்டுச் செய்தவர்கள் நம் மகளிர் குழுவினர். நம் ஊரில் பாதி வீடுகளின் பிழைப்பு ஓசூர், பெங்களூர்க் கட்டட வேலையிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் இருக்கிறது. மே, ஜூனில் மாங்காய் பறிப்பும் சேர்ந்துகொள்கிறது; கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காய் சீசன் பள்ளி திறக்கும் நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். பகலில் வீடு வீடாகப் போனால் பூட்டுத்தான் தெரியும் என்று அக்காமார்கள் இரவு ஏழு மணிக்கு மேல் போனார்கள். வாரக் கடைசியில் பெங்களூர் ரயிலில் வந்து பாலக்கோட்டில் இறங்குகிறவர்களை ஸ்டேஷனிலேயே பார்த்துப் பேசினார்கள்.

வெளியூரிலிருந்து திரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் அநேகம் பேர் 'டி.சி. இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையே இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. 14-ஆம் பிரிவுப்படி வயதுச் சான்று இல்லாததும் தடையில்லை. நடுவில் படிப்பை விட்ட பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைச் சிறப்புப் பயிற்சியில் ஈடுகட்ட வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறி வரும் பிள்ளைக்கு வேறொரு சிக்கல் உண்டு: பழைய பள்ளி எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில்) அந்தப் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றினால்தான் புதுப் பள்ளியால் எடுத்துக்கொள்ள முடியும். அதற்காகப் பழைய பள்ளிகளுக்குப் போன் போட்டுப் பொறுமையாகப் பின்தொடர்ந்த நம் பள்ளியின் பழைய மாணவிகளுக்கு நன்றி; அந்தப் பக்கம் போனை எடுத்து உடனே மாற்றிக்கொடுத்த தலைமை ஆசிரியர்களுக்கும் நன்றி.

இ-சேவை மையம் நடத்தும் தம்பி சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களைத் திண்ணையில் உட்கார்ந்தே ஏற்றினார். அவர் சொன்ன இரண்டு குறிப்புகள் எல்லாப் பெற்றோருக்கும் உதவும். 5 வயது நிறைந்த பிள்ளைக்கு ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதிதாகப் பதிய வேண்டும். விட்டுவிட்டால் பின்னால் உதவித்தொகை, வங்கிக் கணக்கு என்று வரும்போது சிக்கும். பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதாமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தால், பிறப்பு எங்கே பதிவானதோ அந்த அலுவலகத்தில்தான் பெயர் சேர்க்க முடியும். பெங்களூரில் பிறந்திருந்தால் அங்கே வேலையில் இருக்கும்போதே முடித்துவிட்டு வருவது நல்லது.

வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் முதல் வகுப்பில் நிறையப் பேர். முதல் வாரம் தினமும் வகுப்பறையில் வந்து உட்கார்ந்த பாட்டிமார்களை மறக்க முடியாது. வயிறு வலித்தால் 'கடுப்பு நொப்பி' என்றோ 'ஹொட்டெ நோவு' என்றோ அழும் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று புரியாமல் ஆசிரியர் தவித்தால், அந்தக் குழந்தை மறுநாள் வராது. தண்ணீர், பசி, வலி, கழிப்பறை, வீடு என்று அவசியமான சொற்களைப் பாட்டிமார்கள் மூன்று மொழியிலும் சொல்ல, ஆசிரியர்கள் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டார்கள். அழுகை நின்றதும் பாட்டிமார்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள், பிறகு வேப்பமரத்தடிக்கு. ஒரேயடியாக எழுந்து போகாமல் இப்படி மெல்ல மெல்ல விலகியதுதான் பிள்ளைகளைப் பழக்கியது.

சீருடையைப் பிள்ளைகளின் அளவுக்குப் பிரித்துத் தைத்துக்கொடுத்த டெய்லர் அக்கா, கூடுதல் துணியை வெட்டி எறியாமல் கால், இடுப்பு ஓரங்களில் இரண்டு அங்குலம் உள்மடித்து வைத்திருக்கிறார். ஜனவரியில் பிள்ளை வளர்ந்ததும் தையலைப் பிரித்துவிட்டால் போதும்.

எட்டாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைக் காலை டவுன் பஸ்ஸில் பார்த்துக்கொள்ளும் நடத்துநர், ஓட்டுநர் அண்ணன்களுக்கு நன்றி. புதுப் பாஸ் வரும்வரை சீருடையில் இருக்கும் பிள்ளைகளைக் கட்டணமின்றி ஏற்றிச் செல்கிறார்கள். நிறுத்தத்தில் நிற்காமல் போகும் ஒரு பஸ்ஸே ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தப் போதுமானது. படிப்பு நின்ற வீட்டில் அடுத்து கல்யாணப் பேச்சு எழுவது நம் மாவட்டத்தில் எல்லோரும் அறிந்த உண்மை. 18 வயதுக்கு முன் அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்து, குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவல் சொன்னவர்கள் இருக்கிறார்கள். சொன்னவர் யார் என்பது வெளியே வராது. அவர்களுக்கு, அவர்கள் யாராக இருந்தாலும், இந்த மடலில் நாங்கள் சொல்லும் மிக ஆழமான நன்றி.

உதவியவர்களின் படத்தோடு பேனர் வைக்கலாம் என்று சிலர் அன்போடு சொன்னார்கள். அந்தப் பணத்தில் குடிநீர்க் குழாய்க்கு நான்கு பித்தளைத் திருகுகளும், குளோரின் சோதிக்கும் சிறு பெட்டியும் வாங்கிவிட்டோம். குழாய் முனையில் பிடித்த தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டதும் வரும் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே பார்த்துக் குறிக்கிறார்கள்.

அடுத்து தொட்டி கழுவுவது காலாண்டு விடுமுறையில். மாடிப் படிச் சாவி சத்துணவு அமைப்பாளரிடம் இருக்கிறது; பிளம்பர் அண்ணன் வெளியூர் போனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சமையலறைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் காலைச் சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு வைக்க வசதியாக இருக்கும்.

நன்றியுடன்,
பள்ளி மேலாண்மைக் குழுவினரும் ஆசிரியர்களும்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.