ஒரு பிளாஸ்க் வெந்நீர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். "இப்போது வரும் நர்ஸ்களுக்குப் படிப்பு இருக்கிறது, கருணை இல்லை" என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பத்து நாள் வார்டில் இருந்தவர். மனம் நொந்துதான் எழுதியிருக்கிறார். நான் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் கொடைக்கானல் இருக்கும் இந்தப் பழனி மலைத்தொடரில்தான். கருணை என்று நாங்கள் எதை நினைக்கிறோம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் புல் மேல் உறைபனி படியும். அந்தக் குளிரில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் பெரியவரின் கையைப் பிடித்தால் கல்லைத் தொடுவது போல இருக்கும். ரத்தக் குழாய் சுருங்கி, ட்ரிப்ஸ் போட நரம்பே கிடைக்காது. அவசரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பது நடக்கும். ஆனால் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கையைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டால், பெரும்பாலும் நரம்பு எழும்பி வந்துவிடும். ஒரே குத்தோடு போகும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் அப்படித்தான். விரல் சில்லென்று இருந்தால் அளவைத் தப்பாகக் காட்டும். தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்கிற சிஸ்டர் அந்த நேரத்தில் சிரித்துப் பேசாமல் இருக்கலாம். கதவருகே நிற்கும் மகனுக்கு அவள் முகம்தான் தெரியும், கை தெரியாது.

பக்கவாதம் வந்து படுத்தவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விட்டுவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் நானும் ஆயாம்மாவுமாக எத்தனையோ பேரைப் புரட்டியிருக்கிறோம். அவருக்கு நினைவிருக்காது, கூட வந்தவர்களும் அசந்து தூங்குவார்கள். புண் இல்லாமல் அவர் வீட்டுக்குப் போன பிறகு, நாங்கள் செய்தோம் என்று காட்ட ஒன்றுமே மிஞ்சாது. கருணை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

பாசம் இருந்தால் போதும் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சர்க்கரை நோய் முற்றிய தன் அப்பாவுக்குக் குளிருகிறதே என்று ஒரு பையன் வெந்நீர் பாட்டிலைக் காலடியில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். அந்தக் காலில் உணர்ச்சி இல்லை. சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. காலையில் போர்வையை விலக்கினால் பாதம் முழுக்கக் கொப்புளம். அந்தப் பையனைவிட அவரை நேசித்தவர் அந்த வார்டில் யாரும் இல்லை.

இந்த இடத்தில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரை நினைக்கிறேன். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவத்துக்கு உதவி கேட்டு அவரிடம் வந்தார்கள். மருத்துவரான அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அன்று அவரிடம் இரக்கம் இருந்தது, வித்தை இல்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1909இல் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கடைசிக் காலத்தை எங்கள் கொடைக்கானலில் கழித்து, 1960 மே மாதம் இங்கேதான் காலமானார்.

சரி, நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு தை மாத இரவு. இரண்டு வார்டுக்கும் நான் ஒருத்திதான். 40 நோயாளிகளுக்கு மேல். இடையில் லேபர் வார்டிலிருந்தும் கூப்பிட்டார்கள். நெஞ்சு வலி என்று சேர்ந்திருந்த ஒருவரின் மனைவி வந்து, "சிஸ்டர், கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா, இவரு காலு ஐஸா இருக்கு" என்றார். "இதோ வர்றேன்மா" என்றேன். மறுபடி வந்தார். "பொறுங்கம்மா" என்றேன். மூன்றாவது தடவை, வார்டே திரும்பிப் பார்க்கும்படி, "நான் ஒருத்தி என்னதான் பண்றது, போய் உட்காருங்க" என்று கத்திவிட்டேன். அவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

கால் சில்லிடுவது குளிரால் மட்டும் இல்லை, இதயம் தளர்ந்து ரத்த ஓட்டம் குறைந்தாலும் அப்படி ஆகும். இதைப் படித்துப் பரீட்சை எழுதியவள் நான். அந்த அம்மா வெந்நீர் கேட்டபோது, தனக்கே தெரியாமல் எனக்கு ஒரு தகவல் கொண்டுவந்திருந்தார். நான் கட்டிலுக்குப் போனபோது அவர் கணவர் வியர்த்துக் கொட்டி மயக்கத்தில் இருந்தார். டாக்டர் ஓடி வந்தார், ஆம்புலன்ஸ் வந்தது. மலையடிவாரத்தில் இருக்கும் வத்தலக்குண்டு போய்ச் சேருவதற்கு முன்பே உயிர் பிரிந்துவிட்டது. அந்த அம்மா என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "போயிட்டு வர்றேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

அடுத்த நைட் ட்யூட்டியிலிருந்து வீட்டிலிருந்தே ஒரு பிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோக ஆரம்பித்தேன். ஓய்வு பெறும் வரை அதை விடவில்லை. யார் எதைக் கேட்டு வந்தாலும் ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு கணம் யோசிக்கவும் பழகினேன். எங்களிடம் பிரசவத்துக்கு வந்த பளியர் பழங்குடிப் பெண்கள் பலர் கடைசி வரை வாய்விட்டுக் கத்தவே மாட்டார்கள். வலி இல்லை போலிருக்கிறது என்று கடந்துபோனால் கட்டிலிலேயே குழந்தை பிறந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படி உட்கார நேரம் வேண்டும்.

நேரம் என்பது ஆள் கணக்கு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. அன்று நான் இருந்த நிலைமையை இதோடு வைத்துப் பாருங்கள். இது நம் நாட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை பற்றி ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை நடத்தி 2013இல் அறிக்கை கொடுத்தார். தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் நோயாளிகள் பூச்சாடித் தண்ணீரைக் குடித்ததாக உறவினர்கள் சொன்ன இடம் அது. செலவைக் குறைக்கிறோம் என்று செவிலியர் எண்ணிக்கையைக் குறைத்திருந்தார்கள். அங்கிருந்த சிஸ்டர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களாகப் பிறந்தவர்களா என்ன?

கத்தியது என் தவறு. ஆள் குறைவு என்று சொல்லி நான் அதிலிருந்து தப்பிக்க நினைக்கவில்லை. அந்த வாசகரின் அம்மாவிடம் யாராவது கடுமையாகப் பேசியிருந்தால் அதுவும் தவறுதான். அவருக்கு உடம்பு தேறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அப்புறம், அதிகாரிகள் பார்வைக்கு இரண்டு கோரிக்கை. மலையில் உள்ள மருத்துவமனைகளில் கார்த்திகை முதல் மாசி வரையாவது இரவு ட்யூட்டிக்கு வார்டுக்கு ஒரு செவிலியரைக் கூடுதலாகப் போடுங்கள். ஒவ்வொரு வார்டிலும் ராத்திரி முழுக்க வெந்நீர் கிடைக்க வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
பெருமாள்மலை, கொடைக்கானல் வட்டம்.