பெட்டி தாண்டும் பிள்ளைகள்

இன்ஸ்ப்ருக்,
நவம்பர்

அன்புள்ள குமரேசா,

கடிதம் கிடைத்தது. பள்ளிக் கதையெல்லாம் எழுதியவன் இடுப்புவலியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அப்படியானால் குறையவில்லை என்றுதான் அர்த்தம். மைதானத்தில் வெறுந்தரையில் குந்தி உட்காருவதை முதலில் நிறுத்து. இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிர் வந்துவிட்டது, இங்கே ஆஸ்திரியாவின் சோல்டன் மலையில் பனிச்சறுக்கு உலகக் கோப்பை சீசனும் தொடங்கியாயிற்று. இனி ஏப்ரல் வரை இந்த ஊரில் வேறு பேச்சு கிடையாது.

"பனிச்சறுக்குப் பிள்ளைகளுக்கு இத்தனை டெஸ்ட் வைக்கிறீர்களே, அதில் முதலில் வருகிறவன்தான் மலையிலும் முதலில் வருகிறானா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. ஆனாலும் டெஸ்டை விட முடியாது.

ஒரு டெஸ்டைச் சொல்கிறேன். ஏறக்குறைய முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. பக்கவாட்டில் நின்று, இரண்டு காலையும் சேர்த்து அதன்மேல் குதித்து, மறுபக்கம் இறங்கி, உடனே திரும்பக் குதிக்க வேண்டும். 90 விநாடி. முதல் அரை நிமிடம் எல்லாப் பிள்ளைகளும் ராஜாக்கள். ஒரு நிமிடம் நெருங்கும்போது ஷூ நுனி பெட்டி விளிம்பில் தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கும், தொடை சொன்னபடி கேட்கவில்லை என்று. அண்மையில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, அந்தச் சத்தம் வந்த பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள். முடிந்ததும் அப்படியே தரையில் சாய்ந்துவிட்டாள். எண்ணிக்கையில் அவள் நடுவாந்தரம்தான். கோச் எண்ணை எழுதிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் வேறு எதையோ குறித்துக்கொண்டார்.

நெருக்கமாக நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். திருப்பம் குறைந்து வேகம் கூடிய டவுன்ஹில் என்றால் இரண்டு நிமிடம் போகும், சுவிட்சர்லாந்தின் வெங்கன் மலையில் இரண்டரை. அவ்வளவு நேரமும் முழங்கால் மடிந்தேதான் இருக்கும். திருப்பத்தில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலை அழுத்தும். நீ மூட்டையைச் சுமந்துகொண்டு மாடிப்படி இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குமே, இந்த விளையாட்டுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த வகை பலம்தான். எகிறிக் குதிக்கிற பலத்தை அளப்பது சுலபம், இதை அளப்பது கடினம். அதனால் நாங்கள் அளப்பது ஒன்று, மலை கேட்பது இன்னொன்று என்று ஆகிவிடுகிறது.

மலையில் கிடைக்கும் மதிப்பெண்ணாவது சுத்தமானதா? அதுவும் இல்லை. இங்கே புள்ளி குறைந்தால்தான் உயர்ந்த ஆட்டக்காரன். புள்ளி அதிகமுள்ள பையன் பின்னால்தான் இறங்குவான். அதற்குள் முன்னால் போனவர்கள் பனியைக் கீறிப் பள்ளமாக்கியிருப்பார்கள். ஸ்கீ பலகையின் அடியில் தேய்த்த மெழுகு, வெளிச்சம், பலகையின் விளிம்பை யார் தீட்டினார்கள் என்பதெல்லாம் அதற்கு மேல். இப்படிப்பட்ட எண்ணோடு பெட்டிக் குதிப்பைப் பொருத்திப் பார்த்தால் எவ்வளவு ஒத்துப்போகும்?

உனக்கு நேரடியாகப் பயன்படுகிற விஷயம் ஒன்று உண்டு. வயதுப் பிரிவு ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆஸ்திரியாவின் ஸ்கீ விடுதிப் பள்ளிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள்தான் அதிகம் என்று இங்குள்ள பல்கலைக்கழகத்தார் காட்டியிருக்கிறார்கள். கடைசி மாதங்களில் பிறந்தும் தேர்வானவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் சீக்கிரமே வளர்ந்துவிட்ட பிள்ளைகள். ஆக, பதிமூன்று வயதில் நாம் திறமை என்று நினைத்து அளப்பதில் பாதி பிறந்த மாதம், மீதியில் பாதி மீசை! சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் 1997 அக்டோபரில் பிறந்தவன். 2018 டாவோஸ் ஜூனியர் உலகப் போட்டியில் ஐந்து தங்கம், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜயன்ட் ஸ்லாலம் (கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி இருக்கும் ஸ்லாலம்) தங்கம். அமெரிக்க வீராங்கனை லிண்ட்ஸி வானும் அக்டோபர்தான். இப்படித் தாக்குப்பிடித்து வந்தவர்களை நமக்குத் தெரியும். பதிமூன்றில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட டிசம்பர்ப் பிள்ளைகளை யாருக்குத் தெரியும்?

பிறகு எதற்கு டெஸ்ட் என்பாய். முழங்காலுக்காக. இந்த விளையாட்டில் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுவது சர்வசாதாரணம். விடுதிப் பள்ளிப் பிள்ளைகளைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், வயிறும் முதுகும் சேர்ந்த நடு உடலின் பலம் இந்தக் காயத்தோடு தொடர்புடையது என்று தெரிந்தது. யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு டெஸ்டை நம்பமாட்டேன். யாரை இந்த வாரம் மலைக்கு அனுப்பக்கூடாது என்பதற்கு நம்புவேன். ஒரே பிள்ளையின் போன வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பிரயோஜனம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண் எதற்கு?

நம் நாட்டுப் பையன்கள் யாராவது உண்டா என்று கேட்டாயே, குல்மார்கின் ஆரிஃப் கான் இருக்கிறார். பெய்ஜிங்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள். ஜயன்ட் ஸ்லாலமில் 45ஆம் இடம். இங்கே பிள்ளைகள் கோடையிலும் ஹின்டர்டுக்ஸ் பனியாற்றில் பயிற்சி எடுக்கிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த 45ஆம் இடம் சின்ன விஷயம் இல்லை.

உங்கள் மாவட்டத் தேர்வில் நின்ற இடத்திலிருந்து தாண்டியதைப் பார்த்து அந்தக் குட்டைப் பையனைக் கழித்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். அடுத்த முறை பெயருக்கு எதிரே பிறந்த தேதியையும், உட்கார்ந்த உயரத்தையும் சேர்த்து எழுது. பள்ளிச் சுவரும் ஒரு ஸ்டூலும் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் யார் இன்னும் வளரவே தொடங்கவில்லை என்று உனக்கே தெரிந்துவிடும். பட்டியலை எனக்கும் அனுப்பு. பெயர் வேண்டாம், எண்கள் போதும்.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லு. இடுப்புக்கு எழுதிக் கொடுத்த பயிற்சியைச் செய்கிறாயா என்று அண்ணியிடம் தனியாக விசாரிப்பேன்.

உன்,
சரவணன்